நாலு கோடு இழுத்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்

வாசகியின் கடிதம் (சுருக்கமாக): எனக்கு 44 வயது. நாமக்கல் பக்கத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. கணவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறார். மகள் பிளஸ் டூ. இரண்டு வருடம் முன்பு மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துவிட்டது. குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது எல்லாம் நான்தான். நாத்தனார் ஈரோட்டிலிருந்து மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். ஐந்து மாதமாக எனக்கு என்னவோ ஆகிவிட்டது. ராத்திரி மூன்றேகாலுக்கு விழிப்பு வந்துவிடுகிறது, யோசனை நிற்கவே மாட்டேன் என்கிறது. நெஞ்சு அடைக்கிறது என்று போனேன். இசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். தூங்குவதற்கு ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்கள், நாலு மாதமாக மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். எதிலும் பிடிப்பில்லை. மார்கழியில் இருபத்தோரு புள்ளி வைத்துக் கோலம் போட்டவள், இப்போது வாசலில் நாலு கோடு இழுத்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன். போன வாரம் அத்தை கஞ்சியைச் சிந்தியதற்குக் கத்திவிட்டேன். அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன். ஒரு நாள், இப்படியே தூக்கத்தில் போய்விட்டால் தேவலை என்றுகூடத் தோன்றியது. உனக்கு என்ன குறை என்கிறார்கள். தியானம் பண்ணு, வாக்கிங் போ என்கிறார்கள். அதற்கு நேரம் எங்கே? இது நோயா, என் சோம்பேறித்தனமா? அன்றாட வாழ்க்கையில் மனதை எப்படிப் பார்த்துக்கொள்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

தூக்கத்திலேயே போய்விட்டால் தேவலை என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தின் நடுவில், அவசரமாக, அடுத்த வரிக்குத் தாவிவிடும் தவிப்போடு. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

இந்த எண்ணம் வந்ததற்காக உங்களைப் பற்றிப் பயப்படவோ வெட்கப்படவோ வேண்டாம். தாங்க முடியாத அளவுக்குக் களைத்துப்போன பலருக்கும் இது வருகிறது. மருத்துவனான என் அறையில் உட்கார்ந்து இதைச் சொன்ன பெண்கள் நிறையப் பேர். ஆனால் வந்ததை மறைத்து வைக்கக் கூடாது. உங்கள் கணவரிடம் இந்த ஒரு வரியை மட்டுமாவது இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகள் எல்லாம், அத்தையுடையதும் உங்களுடையதும், இனி அவர் கையில் இருக்கட்டும்; அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்துக் கொடுக்கட்டும். அந்த எண்ணம் மறுபடி வந்தால், எந்த நேரமானாலும் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று பெயர், 2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசு நடத்தும் இலவச மனநல உதவி எண். இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நம் மாநிலத்தில் 104 எண்ணும் இருக்கிறது. சாகிற அளவுக்கு முற்றினால்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை. மூன்றேகால் மணிக்குப் பேச ஆள் இல்லாமல் தவிப்பதே போதுமான காரணம்.

எண்ணம் வலுக்கிறது, எப்படி என்று மனம் வழி தேட ஆரம்பிக்கிறது என்றால் அப்புறம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே யாரையாவது கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நோயா, சோம்பேறித்தனமா?

காலை ஐந்துக்கு எழுந்து படுக்கையில் இருப்பவரைச் சுத்தம் செய்து, சமைத்து, பஸ் பிடித்து, ஐந்து பீரியட் எடுத்து, எமிஸ் என்ற பள்ளி இணையதளப் பதிவு முடித்து, திரும்பி வந்து மறுபடி அடுப்பில் நிற்கிற ஒருவர் அந்த வார்த்தையைத் தன்னைப் பற்றி எழுதுவதைப் படிக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்ட முடியாது, அது நேரில் பார்த்துப் பேசிச் செய்ய வேண்டியது. ஆனால் நாங்கள் கேட்கும் கேள்விகள் என்னென்ன என்று சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்கள், மனம் கனத்துக் கிடக்கிறதா? முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்காமல் போய்விட்டதா? இந்த இரண்டில் ஒன்றாவது இருந்து, கூடவே தூக்கக் கெடுதல், பசி மாறுதல், ஓயாத அசதி, கவனம் நிற்காமை, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், சாவு பற்றிய நினைப்பு என்று சில சேர்ந்தால் அதற்கு மனச்சோர்வு நோய் என்று பெயர். இரண்டு வாரம் என்பது எங்கள் அளவு. நீங்கள் ஐந்து மாதமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

'உனக்கு என்ன குறை' என்று கேட்கிறவர்கள், குறை இருந்தால்தான் இந்த நோய் வரும் என்று நினைக்கிறார்கள். சர்க்கரை வந்தவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. 2015-16ல் பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிமான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது. பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு இருந்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் எந்தச் சிகிச்சைக்கும் வரவில்லை. அத்தனை பேரும் தங்களுக்கு உடம்பு வணங்கவில்லை, திமிர், சோம்பல் என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பார்கள், அல்லது உங்களைப் போலத் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு விஷயம். மனசு என்று முடிவு கட்டுவதற்கு முன் உடம்பையும் பார்த்துவிட வேண்டும். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் அப்படியே மனச்சோர்வு போலவே நடிக்கும். வைட்டமின் பி12 குறைந்தாலும் அசதியும் மந்தமும் வரும். உங்கள் வயதில் மாதவிடாய் முன்னே பின்னே ஆக ஆரம்பித்திருந்தால் தூக்கமும் மனநிலையும் அதனாலும் ஆட்டம் காணும். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 நான்கையும் ஒரே நாள் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடலாம். நெஞ்சு அடைப்புக்கு இசிஜியும் எக்கோவும் சரியாக இருப்பது நல்ல செய்தி. பதற்றத்தில் நமக்குத் தெரியாமலே மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஓடும், நெஞ்சுத் தசை இறுகும். அது கற்பனை வலி அல்ல, நிஜமாகவே இறுகுகிறது. ஆனால் இனிமேல் எப்போதாவது வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வேர்த்துக் கொட்டினால், இதுவும் மனசுதான் என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

அடுத்து அந்தச் சின்ன மாத்திரை. பெயர் எழுதவில்லை, ஆனால் பெரும்பாலும் அல்ப்ரசோலம் வகையாக இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. சில நாள், சில வாரத்துக்கு என்று கொடுக்கப்படுவது. மாதக்கணக்கில் போட்டால் உடம்பு பழகிவிடும், அளவு போதாது என்று தோன்றும், பகலில் மந்தமாக இருக்கும், ஞாபகமும் குறையும். இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், இரண்டு மடங்கு பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரலாம். மருத்துவர் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். இதை மட்டும் என் பேச்சைக் கேளுங்கள்.

இனி நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம்.

மனதைப் பார்த்துக்கொள்ள வழி சொல்கிறோம் என்று ஆளாளுக்கு உங்கள் நாளில் இன்னொரு வேலையைச் சேர்க்கிறார்கள். காலையில் தியானம், மாலையில் வாக்கிங், ராத்திரி நன்றி டைரி. எல்லாம் நல்லவைதான், நானும் பலருக்குச் சொல்கிறேன். ஆனால் ஏற்கெனவே தலைக்கு மேல் சுமை இருக்கிறவரிடம் சொன்னால், செய்ய முடியாத இன்னொன்றாக அது சேர்ந்துகொண்டு, இதைக்கூட என்னால் முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சியைத்தான் கொடுக்கும். உங்கள் விஷயத்தில் வேலை தொடங்க வேண்டியது அந்தப் பக்கத்திலிருந்து அல்ல. எதைக் கூட்டுவது என்று அப்புறம் பார்க்கலாம். எதை இறக்கி வைப்பது?

பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருக்கும். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் யார் துணையும் இல்லாமல் சுமையை அதில் தள்ளி வைத்துவிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டு, நாலு மூச்சு விட்டு, மறுபடி தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். கருவுற்றிருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் அதை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழியில் போகிற எல்லோரும் இறக்கி வைக்க ஓர் இடம். அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் என் அம்மா ஞாபகம் வரும். பாட்டியைப் படுக்கையில் வைத்துப் பல வருடம் பார்த்தார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை என்று ஊரே புகழ்ந்தது. ஊர் புகழ்ந்ததே தவிர, ஒரு மத்தியானம்கூட யாரும் வந்து, நீ போய்ப் படு, நான் பார்க்கிறேன் என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. மகனாகவும் மருத்துவனாகவும் எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

ஆகையால் கணக்குப் போடுவோம். ஒரு தாளில் அத்தையைப் பார்த்துக்கொள்வதில் என்னென்ன வேலை என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். பல் தேய்த்துவிடுவதிலிருந்து, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று நினைவு வைத்துக்கொள்வது வரை. நினைவு வைத்துக்கொள்வதும் வேலைதான், அதுதான் மூன்றேகாலுக்கு வந்து எழுப்புகிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதைக் கட்டாயம் நான்தான் செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். மாத்திரை வாங்குவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, ராத்திரி ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, ஞாயிற்றுக்கிழமை ஊட்டுவது, இவை எதற்கும் மருமகள்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மகன் செய்யலாம். தன் அம்மாவுக்கு டயப்பர் மாற்ற மகனுக்குக் கூச்சமாக இருந்தால், அந்த நேரத்துச் சமையலை அவர் எடுத்துக்கொள்ளலாம்.

நாத்தனாரிடம் கேட்கும்போது, முடிந்தால் ஒத்தாசை பண்ணுங்கள் என்று பொதுவாகக் கேட்காதீர்கள். முடியும் என்றுதான் சொல்வார், ஆனால் ஒன்றும் நடக்காது. நாள் சொல்லிக் கேளுங்கள். "மாதத்தில் ஒரு வெள்ளி சாயங்காலம் வந்து ஞாயிறு வரை அத்தையோடு இருங்கள். அந்த இரண்டு நாள் நான் எங்கம்மா வீட்டுக்குப் போகிறேன்." பார்த்துவிட்டுப் போவது வேறு, பார்த்துக்கொள்வது வேறு என்பது அவருக்கும் அந்த இரண்டு நாளில் புரியும். கோபமாகச் சொல்ல வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். உங்கள் கணவர் கேட்டால் இன்னும் நல்லது, அவருடைய அக்காவோ தங்கையோதானே.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்க வந்த திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைப் பதிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் கணவரை இந்த வாரமே அனுப்புங்கள். கையைக் கொஞ்சம் அசைக்கப் பழக்கினால், எந்தக் கோணத்தில் உட்கார வைத்து ஊட்டினால் சிந்தாது, புரையேறாது என்று ஒருவர் நேரில் வந்து காட்டினால், உங்கள் நாளில் அரைமணி நேரம் மிச்சமாகும்.

கஞ்சி சிந்தியதற்குக் கத்தியதைப் பற்றி. கத்தியது சரி என்று சொல்ல மாட்டேன். நீங்களும் அப்படிச் சொல்ல விடமாட்டீர்கள். ஆனால் எரிச்சல் என்பது மனச்சோர்வின் முகங்களில் ஒன்று, நம் பெண்களிடம் அழுகையைவிட அதுதான் முதலில் வெளியே வருகிறது. நாலு மணி நேரத் தூக்கத்தில் யாருக்கும் பொறுமை மிஞ்சாது. அத்தையிடம் போய், "அன்னைக்குக் கத்திட்டேன், தப்புதான் அத்தை, எனக்கும் உடம்பு சரியில்லை" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிடுங்கள். பேச முடியாவிட்டாலும் அவருக்குப் புரியும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள். சாப்பாடு வேண்டாம் என்று அவர் முகத்தைத் திருப்புவது உங்கள் மேல் கோபத்தினால்தான் என்று நினைத்திருக்கலாம். அவருக்கும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மறுபடி கோபம் தலைக்கேறும்போது கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் திண்ணை வரைக்கும் வந்துவிடுங்கள். அவர் பத்து நிமிடம் பசியோடு இருக்கலாம், ஒன்றும் ஆகாது.

அந்த மூன்றேகால். மூன்றேகால் என்று உங்களுக்கு எப்படித் தெரிகிறது? போனைப் பார்ப்பதால். பார்த்ததும் ஒரு வேலை நடக்கிறது: இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம்தான் இருக்கிறது, தூங்காவிட்டால் நாளைக்கு எப்படி வகுப்பு எடுப்பது என்று மனம் கணக்குப் போடுகிறது. கணக்கு போட ஆரம்பித்தால் தூக்கம் போச்சு. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் ராத்திரியின் முன்பாதியில் வந்துவிடும், பின்பாதியில் தூக்கம் லேசாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் அப்போது விழிப்புத் தட்டும், ஆனால் புரண்டு படுத்து மறந்துவிடுவார்கள். மனச்சோர்வில் மட்டும் அந்த விழிப்பு நிலைத்துவிடுகிறது. ஆகவே போன் அடுத்த அறையில் இருக்கட்டும். அலாரத்துக்கு ஒரு பழைய கடிகாரம் போதும், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுங்கள்.

விழித்து, ஒரு இருபது நிமிடம் இருக்கும் என்று தோன்றியும் தூக்கம் வரவில்லையென்றால் படுக்கையில் போராடாதீர்கள். எழுந்து கூடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், துணி மடியுங்கள், கண் சொக்கினால் திரும்பிப் போங்கள். ராத்திரிக்குப் பத்து முறை எழுந்தாலும் பரவாயில்லை. படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்பு மறுபடி கற்றுக்கொள்ள இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், முதல் வாரம் இன்னும் மோசமாகக்கூட இருக்கும். அப்புறம், மகள் படிப்பதற்குத் துணையாகப் பத்து மணிக்கு நீங்களும் காபி குடிக்கிறவராக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். குடித்த காபியின் வீரியத்தில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். பத்தோடு ஐந்து, மூன்று மணி. மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம்.

நிற்காத யோசனைக்கு ஒன்று. ஜிம்பாப்வேயில் ஷோனா மொழி பேசுகிறவர்கள் மனச்சோர்வு, பதற்றத்தைக் குஃபுங்கிசிசா என்பார்கள், அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். உங்கள் கடிதத்திலும் அதே வார்த்தைதான். அங்கே மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. அதனால் டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006 முதல் ஊர்ப் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனை வெளியே மரபெஞ்சில் உட்கார வைத்தார். யோசனை ஜாஸ்தியாகிவிட்டவர்கள் பாட்டி பக்கத்தில் போய் உட்காருவார்கள். எல்லாப் பிரச்சினையையும் கொட்டிவிட்டு, அதில் ஒன்றை மட்டும் எடுத்து, இந்த வாரம் இதற்கு என்ன செய்யலாம் என்று இருவரும் பேசுவார்கள். ஆராய்ந்து பார்த்தபோது அது நன்றாகவே வேலை செய்தது. உங்களுக்கும் அதையே சொல்கிறேன். சாயங்காலம், விளக்கு வைத்த பிறகு, கால்மணி நேரம். பழைய நோட்டில் கவலைகளை எழுதுங்கள். மகளின் கட்டாஃப், அத்தையின் படுக்கைப்புண், பட்டறையில் வேலை குறைந்தது, எல்லாம். ஒன்றே ஒன்றுக்கு மட்டும், நாளைக்கு என்ன செய்வேன் என்று ஒரு வரி எழுதி மூடிவிடுங்கள். ராத்திரி யோசனை வந்து தட்டினால், நோட்டில் இருக்கிறது, நாளைச் சாயங்காலம் பார்க்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். முதல் சில நாள் கேட்காது. அப்புறம் கேட்கும்.

நெஞ்சு இறுகும்போது மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி வெளியே விடுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்தபடி ஐந்து நிமிடம் போதும். இதற்குப் பாயும் வேண்டாம், தனி அறையும் வேண்டாம்.

இப்போது கோலத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் சொன்னது அந்தக் கோலம்தான். மனச்சோர்வு வந்தால், பிடித்ததை முதலில் விட்டுவிடுவோம், கடமையைக் கடைசி வரைக்கும் விடமாட்டோம். நாள் முழுக்கக் கடமை மட்டுமே மிஞ்சும். மனம் இன்னும் வாடும், வாடியதால் இன்னும் விடுவோம். மனசு சரியானதும் போடுகிறேன் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. முதலில் கை போக வேண்டும், மனம் பின்னால் வரும். இது ஆறுதலுக்குச் சொல்வதில்லை, இதுவே ஒரு சிகிச்சை முறை. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர், மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இதைச் செய்ய வைத்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்று 2017ல் முடிவு வெளியானது.

இருபத்தோரு புள்ளி வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், ஐந்து புள்ளி, ஐந்து வரிசை. எந்தெந்த நாள் என்று இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். பிடிக்கிறதா என்று போடும்போது சோதிக்காதீர்கள். போட்டு முடித்து ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வாருங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு அத்தையை வேறு யாராவது பார்க்க வேண்டும், அதனால்தான் இறக்கி வைப்பதை முதலில் சொன்னேன். அது நடக்காமல் இது நடக்காது.

மனநல மருத்துவரிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும், பள்ளியில் பேசுவார்கள் என்ற தயக்கம் இருக்கும். நாமக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவுக்கு ஓபி சீட்டு போட்டால் போதும். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது 2017ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குக் கொடுக்கும் உரிமை. உள்ளே போனால் என்ன நடக்கும்? பேசுவார்கள். எப்போதிருந்து, வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா, தைராய்டு பார்த்தீர்களா என்று கேட்பார்கள். சாக எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்பார்கள், அப்போது எனக்கு எழுதியதை அங்கேயும் சொல்லிவிடுங்கள். லேசாக இருந்தால் பேச்சு சிகிச்சையே போதலாம், கூடுதலாக இருந்தால் மாத்திரை எழுதுவார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை நீங்கள் இப்போது போடுகிற மாத்திரை மாதிரி பழக்கத்துக்கு அடிமைப்படுத்தாது. ஆனால் போட்ட அன்றைக்கே வேலை செய்யவும் செய்யாது, இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். முதல் வாரம் வயிற்றைப் புரட்டலாம், தலை வலிக்கலாம். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதும் மருத்துவர் சொல்லி, படிப்படியாக.

ஆஸ்பத்திரிக்குப் போகவே கால் எழவில்லை என்றால் முதலில் 14416க்கு ஒரு போன், அதில் கேட்டு வழி தெரிந்துகொண்டு போங்கள்.

இந்தப் பதிலை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள். இனி வருவது அவருக்கு.

தம்பி, நீங்கள் லாரிக்கு பாடி கட்டுகிறவர். எந்தச் சேஸிஸுக்கு எத்தனை டன் என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவீர்கள். பட்டை வளைவதைப் பார்த்தால் பாரம் ஜாஸ்தி என்பீர்களே தவிர, வண்டியைக் குறை சொல்ல மாட்டீர்கள். உங்கள் மனைவி உங்கள் அம்மாவை இரண்டு வருடமாகக் குறைவில்லாமல் பார்த்துவிட்டார். இப்போது அவருக்கே பார்க்க ஆள் வேண்டும். தைரியமாக இரு என்று சொல்லாதீர்கள், என்ன பண்ணுகிறது என்று கேட்டுவிட்டு அவர் பேசி முடிக்கும் வரை சும்மா இருங்கள். அழுதால் அழட்டும். ராத்திரி அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிற வேலையை இன்றிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சகோதரிக்கு நீங்களே போன் பண்ணி நாளைக் குறித்துவிடுங்கள். வரும் சனிக்கிழமை பட்டறைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, இரண்டு பேருமாகக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஓபி சீட்டு வரிசையில் நீங்கள் நில்லுங்கள், அவர் அந்த நேரம் நிழலில் உட்கார்ந்திருக்கட்டும்.